பெயர் எழுதக் கூடாத கப்பல்

மாதா துணை

ஸப்பார், மால்டா
1942, பெரிய வியாழனுக்கு முந்தைய நாள்

அன்புள்ள கார்மனி அக்காவுக்கு உங்கள் தம்பி மனைவி ஜூசா எழுதுவது.

இங்கே மாமாவும் நானும் குழந்தை மரிட்டாவும் உயிரோடு இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து நீங்கள் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சௌக்கியமா?

முதலில் நல்ல செய்தி. உங்கள் தம்பி நார்து வந்திருக்கிறார். எந்தக் கப்பலில் என்று நான் எழுதக் கூடாது. பெயரை எழுதினால் தணிக்கை அலுவலகத்தில் பிளேடால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். போன முறை நீங்கள் எழுதிய கடிதம் சன்னல் வைத்துத் தைத்த சட்டை மாதிரிதான் என் கைக்கு வந்தது. அதனால் நான் அந்தக் கப்பலைச் சக்களத்தி என்றே எழுதப் போகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அவளோடுதானே இருக்கிறார், நான் பின்னால் வந்தவள். தணிக்கைக்காரர் இதைப் படித்துவிட்டு என் குடும்ப வாழ்க்கையை நினைத்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் விடட்டும்.

சரக்குக் கப்பல்களோடு காவலுக்கு வந்தாள். கோட்டைச் சுவர்மேல் ஊரே நின்று கத்தியது. நானும் குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கத்தினேன். ஆனால் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டேன். பக்கத்தில் விழுந்த குண்டு அவள் விலாவைக் கிழித்திருக்கிறது. வந்த சரக்குக் கப்பல்களையும் துறைமுகத்திலேயே அடித்துவிட்டார்கள். வயிற்றில் ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டு கோதுமை எரிகிற வாசனையை முகர்ந்தோம். அதைப் பற்றி மேலே எழுத மனசில்லை.

இப்போது அவளைத் தண்ணீர் வடித்த டாக்கில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். தகடு அடித்து ஒட்டுப் போடுகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் மாமாதான். கிரீட் சண்டைக்குப் பிறகு அவள் மூக்கு உடைந்து வந்தபோது ஒட்டவைத்தவரும் அவரேதான். ‘என் மகன் இவளைக் கட்டிக்கிட்டான், மருந்துச் செலவு எனக்கு’ என்று டாக்யார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

அக்கா, எனக்கு நிலைகொள்ளவில்லை. அவள் டாக்கில் நிற்கும்வரை விமானங்கள் அங்கேதான் வந்து கொட்டுகின்றன. மாமா அவளுக்கு வெளியே, உங்கள் தம்பி அவளுக்கு உள்ளே. அவள் சீக்கிரம் போய்த் தொலைய மாட்டாளா என்று அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் நினைக்கிறேன். சங்கு ஓய்ந்ததும், போனால் இவரும் போய்விடுவாரே என்று இருக்கிறது. ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி மாறி மாறி வேண்டிக்கொள்கிறேன். மாதாவுக்கே என் வேண்டுதல் எது என்று குழம்பியிருக்கும்.

நேற்று மாலை பாறையைக் குடைந்த நம் அறையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேவிட்டேன்.

“மாமா, கொஞ்சம் மெதுவா வேலை செஞ்சா என்ன? உங்க மகன் இன்னும் ரெண்டு நாள் நம்மகூட இருப்பாரே.”

“மெதுவா செஞ்சா அவ அங்கேயே கிடப்பா. கிடந்தா போட்டுப் பொசுக்கிடுவான். அப்ப உள்ள யாரு இருப்பா? பேசாம சாப்பிடு புள்ள” என்றார்.

உங்கள் தம்பி சிரித்தார். “என்னை வீட்டை விட்டுத் துரத்துறதுன்னா அப்பாவுக்குச் சின்ன வயசிலேர்ந்தே உற்சாகம்தான்” என்றார். மாமா சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து மகன் தட்டில் வைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் தம்பிக்கு இடது கை வெந்துபோயிருக்கிறது. குண்டு அதிர்ச்சியில் அடுப்பிலிருந்த சூப் அப்படியே கவிழ்ந்துவிட்டதாம். கப்பலின் டாக்டர் நல்ல மனுஷன். “நீ இந்த ஊர்க்காரன், ஆஸ்பத்திரியில் இருந்துகொள், நான் எழுதித் தருகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மூன்று அறை தள்ளி இருக்கும் லிபராட்டாவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒரு கையால் அதிகாரிகளுக்கு என்னத்தைச் சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“சமைக்க யாராவது கிடைப்பாங்க. சண்டை மணி அடிச்சா நான் குண்டு தூக்கிக் கொடுக்கிற ஆளு. அதுக்குத்தான் ஆள் கிடையாது” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அதுல இருக்கிற பயலுக யாருக்கும் இந்தத் தீவுல வீடு கிடையாது ஜூசா. வீடு இருக்கிறவன்னு நான் ஒருத்தன் மட்டும் இறங்கிட்டா, நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அநேகமாக ஈஸ்டர் கழிந்ததும் போய்விடுவாள். இந்தக் கடிதம் உங்களைச் சேரும் முன்பே உங்கள் தம்பி வந்து கதவைத் தட்டலாம். தட்டினால் திட்ட வேண்டாம், நான் வேண்டிய மட்டும் திட்டிவிட்டேன். அந்தக் கைக்கு எண்ணெய் போட்டுக் கட்டிவிடுங்கள். எல்லோருக்கும் பாஸ்கா ஆசீர்வாதம்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜூசா


ஸப்பார்
ஏப்ரல் கடைசி, 1942

அன்புள்ள கார்மனி அக்கா,

இதை உட்கார்ந்து படியுங்கள். அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள்.

உங்கள் அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். இப்படி எழுதத்தான் எனக்குத் தெரிகிறது. சுற்றி வளைத்துச் சொல்ல உட்கார்ந்து பார்த்தேன். சுற்றி வளைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

சக்களத்தி கிளம்பிப் போன அன்று மாமா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்து, மறுநாள் மத்தியானம் வரை தூங்கினார். எழுந்ததும், “ஒழுகாம போயிட்டா புள்ள. துறைமுக வாசல் தாண்டுற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னேன்” என்றார். மகனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு கப்பலுக்கு ஒட்டுப் போடப் போய்விட்டார்.

மாமா இறந்த அன்று சங்கு ஊதியபோது எல்லோரும் சுரங்கத்துக்குள்தான் இருந்திருக்கிறார்கள். ஆபத்து நீங்கியது என்று அறிவித்த பிறகுதான் வெளியே வந்திருக்கிறார்கள். விழுந்தபோது வெடிக்காத குண்டு ஒன்று பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை. கூட வேலை செய்யும் டோனு வந்து சொன்னார்: “ஒரு சத்தம்தான் கேட்டுச்சும்மா. உங்க மாமா, சால்வு அண்ணன், அப்பத்தான் சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டாரு. நான் எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்.” பாவம், அந்த மனுஷன் தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே நம் வாசலில் நின்று அழுதார்.

முகத்தில் காயம் ஒன்றுமில்லை அக்கா. நான் பார்த்தேன். இதைப் பொய் என்று நினைக்காதீர்கள். டாக்யார்டு ஆட்கள் எங்கிருந்தோ பலகை தேடிப் பெட்டி செய்தார்கள். அடோலோராட்டா கல்லறையில், உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். டுன் ஆஞ் சாமியார் வந்து மந்திரித்தார். நடுவில் சங்கு ஊதியது. யாரும் ஓடவில்லை. மரிட்டா மட்டும், “தாத்தாவுக்கு உள்ளே இருட்டா இருக்காதா?” என்று கேட்டாள். நாம் வசிக்கிற பொந்தும் இருட்டுதானே, அதனால் தாத்தாவுக்குப் பழகியிருக்கும் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

இந்தத் தீவு முழுவதற்கும் அரசர் ஒரு வீரப் பதக்கம் கொடுத்திருக்கிறாராம். கேள்விப்பட்டிருப்பீர்கள். கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது லிபராட்டா, “ஆளுக்கு ஒரு துண்டா நறுக்கிக் கொடுத்தா சூப்புல போடலாம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மாமாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்த பிறகுதான் அவர் இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்து, தட்டை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

உங்கள் தம்பிக்கு இன்னும் தெரியாது. அவருக்கு எழுதிய கடிதத்தை இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். கப்பல் முகவரிக்கு அனுப்ப மனம் வரவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் தனியாக நின்று பிரித்துப் படிப்பார். கரைக்கு வந்து உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, சாப்பிட வைத்த பிறகு, உங்கள் கையால் கொடுங்கள். படித்து முடிக்கும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.

நீங்கள் அழும்போது நான் பக்கத்தில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜூசா


ஸப்பார்
ஜூலை, 1942

அக்கா,

இனி நான் பெயரை எழுதலாம். கெல்புரூக். கெல்புரூக். யாரும் வெட்ட மாட்டார்கள். லண்டன் வானொலியே சொல்லிவிட்டது, கெல்புரூக் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கிவிட்டது என்று. உயிரோடு இருந்தவரை பெயர் சொல்லக் கூடாது. போன பிறகு ஊருக்கே சொல்லலாம். என்ன சட்டமோ இது.

முதலில் ரோம் வானொலி சொன்னதாகத்தான் லிபராட்டாவின் தம்பி வந்து காதில் ஓதினான். அவர்கள் இந்தத் தீவையே பல தடவை மூழ்கடித்தவர்கள்தானே என்று நான் காதில் வாங்கவில்லை. பிறகு கடற்படை அலுவலகத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றியதுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “காணவில்லை என்றுதான் சொல்கிறோம் அம்மா, வேறு எதுவும் சொல்லவில்லை” என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்.

நீங்கள் எழுதியிருந்தது கிடைத்தது. அவள் அலெக்சாந்திரியாவுக்கு வரவேயில்லை, ஹைஃபாவில் நின்று அங்கிருந்தே எங்களுக்குச் சரக்குக் கொண்டுவரும் கப்பல்களோடு புறப்பட்டாள் என்று. அப்படியானால் மாமா விஷயமாக நான் எழுதிய கடிதம் உங்களிடமே இருக்கிறது. அப்பா போனது உங்கள் தம்பிக்குத் தெரியாமலே போய்விட்டது. இது நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்கிறது.

பெயர் எழுத விட்டதால் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல. அவள் ஸ்காட்லாந்தில் பிறந்தவள். உங்கள் தம்பி அவள்மேல் ஏறியபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஸ்பெயினில் சண்டை நடந்தபோது அகதிகளை ஏற்றி வந்தாள். ஒருத்திக்குக் கேப்டன் அறையிலேயே பிரசவம் ஆனது. சமையல் கட்டில் வெந்நீர் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். எங்கள் கல்யாணத்தன்று நான் வெள்ளை உடுப்போடு கோவில் படியில் நிற்கிறேன், அவள் துறைமுகத்தில் புகை விட்டுக்கொண்டு நிற்கிறாள். விருந்தில் பாதியிலேயே எழுந்து போனார். நீங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். மரிட்டா பேசக் கற்றுக்கொண்டபோது நார்வேக்குப் பக்கத்தில் பனியில் இருந்தார்கள். கிரீட்டில் கரையில் கிடந்த சிப்பாய்களை அள்ளிக்கொண்டு வந்தபோது, அதிகாரிகளுக்கு வைத்திருந்த டப்பாப் பால் முழுவதையும் இவர் அந்தப் பையன்களுக்கு ஊற்றிவிட்டார். கேப்டன் டீ கேட்டிருக்கிறார். “பால் இல்ல சார்” என்றாராம். “கொடுத்துட்டியா?” “கொடுத்துட்டேன் சார்.” “நல்லது, கறுப்பாவே கொண்டா.” இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேப்டன் குரலிலேயே பேசிக் காட்டுவார். பிறகு டோப்ருக்குக்கு எத்தனையோ தடவை, இங்கே எத்தனையோ தடவை. எங்கே போனாலும் கிழிந்து வருவாள், மாமா தைத்துக் கொடுப்பார், மறுபடி போவாள். ஒரு நிமிஷம் சும்மா நிற்க மாட்டாள். அவளைத் திட்டிக்கொண்டே இவ்வளவு வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அழுகை வருகிறது. உங்கள் தம்பிக்காக மட்டும் அழுகிறேன் என்று சொல்ல முடியவில்லை.

இங்கே எல்லோரும் என்னைக் கறுப்பு உடுத்தச் சொல்கிறார்கள். டுன் ஆஞ் சாமியார் துக்கப் பூசை வைக்கட்டுமா என்று கேட்டார். மாமாவுக்கு உடுத்திய கறுப்பே இருக்கிறது சாமி, இவருக்கென்று தனியாக உடுத்த மாட்டேன் என்றேன். லிபராட்டா தன் கறுப்பு முக்காட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏடி, ஊரு பேசுது. புருஷன் போயும் இவ தலையில துணியில்லைங்குறாங்க.”

“போனாருன்னு யாரு சொன்னா? காணோம்னுதானே சொன்னாங்க. உன் ஆடு போன மாசம் காணாம போச்சே, அதுக்குப் பூசை வச்சியா?”

“ஆட்டைத் திருடித் தின்னுட்டாங்கடி!”

“அது உனக்குத் தெரிஞ்சப்புறம்தானே அழுதே. எனக்கும் தெரியட்டும்.”

முக்காட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அக்கா, ஜெர்மன்காரன் எகிப்துக்குள்ளேயே வந்துவிட்டான், நீங்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் இதைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் கெல்புரூக் ஆட்களில் பிழைத்தவர்களை அங்கே கரையிறக்கியிருக்கிறார்கள் என்று அந்தச் சைக்கிள்காரர் வாய் தவறிச் சொன்னார். ஓடுவதற்கு முன்னால் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். யாராவது ஒருவன் உங்கள் தம்பியைக் கடைசியாகப் பார்த்திருப்பான். என்ன பார்த்தானோ அதை அப்படியே எழுதுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

ஜூசா


ஸப்பார்
செப்டம்பர், 1942

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதிய கடிதம் ஆகஸ்டில் வரும் மாதா திருநாளுக்கு மறுவாரம் கிடைத்தது. திருநாளன்றுதான் ஊரே காத்திருந்த எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. முதுகு உடைந்து, தண்ணீர் மேல்தளத்தைத் தொட, இரண்டு பக்கமும் நாசகாரிகள் அணைத்துப் பிடித்துக்கொண்டு, குடித்துவிட்டு வருகிறவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். சனங்கள் அழுதார்கள், பாண்டு வாசித்தார்கள். நான் எண்ணெய்க் கப்பலைப் பார்க்கவில்லை. கூட வந்த கப்பல்களில் கை அசைக்கிறவர்களின் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைத்தியம் என்று நீங்கள் நினைக்கலாம்.

அங்கே ஊர் முழுக்க ஓடுகிற நேரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருக்கிறீர்கள். இதை நான் என்றும் மறக்க மாட்டேன். பெர்சி ஹாலம் என்ற அந்தக் கொதிகலன் ஆளை எனக்குத் தெரியும். ஒருமுறை உங்கள் தம்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார். நான் செய்த முயல் கறியைச் சாப்பிட்டுவிட்டு, “இதென்ன கோழி?” என்று கேட்டவன். அவன் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தபடி பலமுறை படித்துவிட்டேன். டார்பிடோ கொதிகலன் பக்கம் வந்து இடித்தது. கப்பல் நடுவில் இரண்டாக மடங்கியது. கண் தெரியாமல் எண்ணெயில் மிதந்த பெர்சியை யாரோ காலரைப் பிடித்து இழுத்துப் படகில் ஏற்றினார்கள். “ஏறு தம்பி, முயல் பார்சல் தர்றேன்” என்று சொன்ன குரலை வைத்துத்தான் நார்து என்று தெரிந்ததாம். படகு நிறைந்திருந்தது. உங்கள் தம்பியும் வேறு சிலரும் ஒரு மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். படகை இன்னொரு கப்பல் கண்டெடுத்தது. விமானங்கள் மறுபடி வந்ததால் அந்தக் கப்பலால் நிற்க முடியவில்லை. பிறகு தேடியபோது மிதவை இல்லை.

‘மிதவை இல்லை’ என்பதோடு நீங்கள் நிறுத்தியிருந்தீர்கள். நான் நிறுத்தவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்திருக்கும் என்று மீன்பிடிக்கிறவர்களிடம் போய்க் கேட்டேன். அந்த மாதத்தில் தெற்கே தள்ளும் என்றார் ஒருவர். கிழக்கே என்றார் இன்னொருவர். தெற்கே லிபியாக் கரை, எதிரி கையில் இருக்கிறது. எதிரி கையில் என் புருஷன் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா, இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். வாட்டிக்கன் வானொலியில் இத்தாலியில் இருக்கும் கைதிகளின் பெயர்களை வாசிப்பார்கள், அவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்களாம். “உன் வீட்டுக்காரர் பெயர் என்ன? லியோனார்டு ஃபெனெக்தானே? அப்பா பெயர் சால்வத்தோரேதானே?” என்று கேட்டார். ஆமாம், நார்து என்று கூப்பிடுவோம் என்றேன். “சென்க்லியாவில் பிறந்தவர்தானே?” ஆமாம் சிஸ்டர், ஆமாம் என்று கத்தினேன். “அப்படின்னா அவர்தாம்மா. இருக்காரு. நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காரு” என்றார்.

லிபராட்டாதான் சிஸ்டரைக் கட்டிப்பிடித்து, அவர் முக்காடு கலையும் அளவுக்கு முத்தம் கொடுத்துவிட்டாள். மரிட்டா ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துக் கை தட்டினாள்.

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்லா இருக்கேன் என்றால் என்ன? கை இருக்கிறதா, கால் இருக்கிறதா, கண் தெரிகிறதா? கேட்க ஆளில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

உங்கள் ஜூசா


ஸப்பார்
டிசம்பர், 1942

அக்கா,

இது அவசரமாக எழுதுகிற சின்னக் கடிதம். சாப்பாட்டுக் கப்பல்கள் வந்துவிட்டன, வயிறு கொஞ்சம் நிறைகிறது. உங்கள் தம்பி கைப்பட எழுதிய அட்டை வந்துவிட்டது. கை கால் எல்லாம் இருக்கிறதாம். கைதிகள் முகாமிலும் சமையல்தானாம்.

அட்டையில் பாதி அப்பாவைப் பற்றித்தான். அப்பா எப்படி இருக்கிறார், அப்பாவிடம் இதைச் சொல், அதைச் சொல் என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டு பகல் முழுதும் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். லிபராட்டா வந்து படித்துப் பார்த்தாள்.

“பொய் எழுதாத. பின்னாடி வந்து கேப்பான்.”

“அப்ப நிஜத்தை எழுதவா? கம்பிக்குள்ள உட்கார்ந்து படிக்கட்டுமா?”

“அதுவும் வேண்டாம். எல்லாத்தையும் எழுதணும்னு எவன் சொன்னான்? சொல்ல முடிஞ்சதை மட்டும் எழுது.”

அப்படியே எழுதியிருக்கிறேன். நீங்களும் அவருக்கு எழுதும்போது அப்பா பேச்சை எடுக்காதீர்கள் அக்கா. உங்களிடம் இருக்கும் அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வந்த பிறகு நானே சொல்கிறேன். அன்றைக்கு நீங்களும் இங்கே இருந்தால் நன்றாயிருக்கும்.

ஜூசா


ஸப்பார், மால்டா
டிசம்பர், 1942

என் அன்பான நார்து அவர்களுக்கு உங்கள் மனைவி ஜூசா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது.

உங்கள் அட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் மரிட்டா விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரித்தால் உங்கள் அம்மா மாதிரியே இருக்கிறாள். உங்களைப் படம் வரையச் சொன்னேன்; பெரிய கரண்டியும் சின்ன உடம்புமாக வரைந்தாள். கரண்டியைப் பார்த்து நீங்கள்தான் என்று கண்டுபிடித்தேன்.

நாங்கள் சாப்பிடுகிறோம். கவலைப்பட வேண்டாம். நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கல்யாணத்தில் போட்ட உடுப்பு இப்போது எனக்குப் பெரிதாக இருக்கும் என்று லிபராட்டா கேலி செய்கிறாள். உங்கள் பெர்சி அலெக்சாந்திரியாவில் சுகமாக இருக்கிறான். கார்மனி அக்கா அவனுக்கு வாராவாரம் ரொட்டி சுட்டுக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். நீங்கள் அவனுக்கு என்ன செய்தீர்கள் என்று அவன் சொல்லிவிட்டான். அந்த ஒன்றை நீங்கள் அட்டையில் எழுதவில்லையே.

மாமாவிடம் சொல்லச் சொன்னீர்கள். “அப்பா அடிச்ச தகடு கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. அவ உடைஞ்சது வேற இடத்துல. அவர் வேலையில குறையில்லைன்னு அவர்கிட்ட மறக்காமச் சொல்லு” என்று எழுதியிருந்தீர்கள். அட்டை வந்த ஞாயிற்றுக்கிழமையே மரிட்டாவைக் கூட்டிக்கொண்டு மாமா இருக்கும் இடத்துக்குப் போனேன். நீங்கள் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல், இரண்டு தடவை, சத்தமாகப் படித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாமாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, நல்ல வார்த்தை சொன்னால் எப்போது பதில் சொன்னார். ஆனால் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் அவர் வேலைக்குப் போவதில்லை. சங்கு ஊதினாலும் ஓடுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு அருகில் அமைதியாக இருக்கிறார். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத இந்தத் தாளில் இடமில்லை.

நீங்கள் அங்கே வீண் வம்புக்குப் போகாதீர்கள். முள்வேலியைத் தாண்டுகிறேன், தப்பிக்கிறேன் என்று யாராவது கூப்பிட்டால், வீட்டில் எனக்கு ஒருத்தி இருக்கிறாள், அவள் பொல்லாதவள் என்று சொல்லுங்கள். குளிருக்குக் காலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கிடைக்கிறதை எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் காலிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் உங்களுக்கு ஒரு தட்டு எடுத்து வையுங்கள். என்மேல் ஆணை.

நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் கடிதத்தில் எழுதக் கூடியது எதுவும் இல்லை. நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், உங்கள் கை என் கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் சொல்ல முடியும். அதுவரை என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். மாதா உங்களை மேலங்கிக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கோபப்படவோ அழவோ வேண்டியிருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நான் இருப்பேன். எப்படியாவது உயிரோடு வந்து சேருங்கள்.

உங்கள்,
ஜூசா